துப்பறியும் நாவலும் சாதாரண வாசகனும்

துப்பறியும் நாவல் படிப்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒரு வகையினர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, மாளிகைக்குப் படம் வரைந்து, யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று அட்டவணை போட்டு, ஆசிரியரோடு மல்லுக்கு நிற்பவர்கள். மற்றவர்கள், பரீட்சை முடிந்த மறுநாளோ ஊருக்குப் போகும் நீண்ட ரெயில் பயணத்திலோ, கதையைக் கதையாகவே படித்துக்கொண்டு போகிறவர்கள். நான் இரண்டாவது வகை. என் போன்றவர்களின் கட்சியை எடுத்துப் பேசவே இதை எழுதுகிறேன்.

எங்களைப் பற்றிப் பெரியோர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பொழுதை வீணாக்குகிறோம் என்பது அவர்கள் குறை. பென்சில்காரர்களுக்கோ வேறு குறை: குற்றவாளியைக் கண்டுபிடிக்க முயலாதவனுக்கு இதில் என்ன ருசி இருக்க முடியும் என்கிறார்கள். ஆனால், இந்த நாவல்கள் யாரை நம்பி எழுதப்படுகின்றன? ஏமாறத் தயாராக இருக்கும் எங்களை நம்பித்தான். ஏமாறுகிற எங்களுக்கே அவற்றால் அதிக நன்மையும் உண்டு என்பது என் துணிபு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஏமாற்று வித்தை நாணயமானது. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், தாமும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர், 1929-இல் இக்கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். துப்பறிபவர் காணும் தடயம் ஒவ்வொன்றையும் வாசகனுக்கும் காட்டிவிட வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. துப்பறிபவரின் தோழருக்கு, அதாவது வாட்ஸன் போன்றவருக்கு, சராசரி வாசகனைவிடச் சற்றே குறைந்த அறிவு இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எங்கள் சுயமரியாதையை அந்தப் பாதிரியார் எவ்வளவு பரிவோடு காப்பாற்றியிருக்கிறார், பாருங்கள்!

எல்லாத் தடயங்களையும் கண்ணெதிரே பரப்பி வைத்துவிட்டு, குற்றவாளியை ஆசிரியர் எங்கேதான் ஒளித்து வைக்கிறார்? சுரங்க அறையிலா? அலமாரிக்குப் பின்னாலா? இல்லை, நம் மனத்துக்குள்ளேதான் ஒளித்து வைக்கிறார். இன்னார் நல்லவர், இன்னார் கெட்டவர் என்று நாம் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் முடிவுகளைவிடப் பத்திரமான இடம் அவருக்குக் கிடையாது.

இந்தக் கதைவகைக்கு மூலபுருஷராகக் கருதப்படும் எட்கர் ஆலன் போ 1841-இல் எழுதிய கதையையே எடுத்துக்கொள்வோம். பாரிஸ் நகரில் ஒரு வீட்டில் இரு பெண்கள் கொலையுண்டு கிடக்கிறார்கள். ஓடி வந்தவர்களின் காதில் ஒரு கீச்சுக் குரல் விழுந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் அது ஸ்பானிய மொழி என்று சாட்சி சொல்கிறார். ஸ்பானியர் ஆங்கிலம் என்கிறார். ஆங்கிலேயர் ஜெர்மன் என்கிறார். இத்தாலியர் ருஷ்ய மொழி என்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், தாம் பெயர் சொன்ன மொழி அவர்களில் ஒருவருக்கும் தெரியாது! புரியாத குரலை ஒவ்வொருவரும் ஓர் அந்நியன் தலையில் கட்டிவிட்டார்கள். உண்மையில் அது யாருடைய குரல் என்பதைப் படிக்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

கானன் டாயில் 1892-இல் எழுதிய ‘சில்வர் பிளேஸ்’ கதையிலும் இதே சங்கதிதான். பந்தயக் குதிரை காணாமற் போகிறது. அதன் பயிற்சியாளர் மாண்டு கிடக்கிறார். அன்று மாலை லாயத்துப் பக்கம் வந்த வெளியூர் ஆசாமியைப் போலீஸார் பிடித்துக்கொள்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். ஷெர்லாக் ஹோம்ஸ் மட்டும், காவல் நாய் அன்றிரவு ஏன் குரைக்கவில்லை என்று யோசிக்கிறார். நாய் வேற்றாளைக் கண்டால் குரைத்திருக்குமே! அது சும்மா இருந்ததென்றால் வந்தவர் யாராக இருக்க முடியும்?

நண்பர்களே, சொந்த ஊரைவிட்டு இத்தனை தொலைவில், பல பாஷைக்காரர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழும் நமக்கு இது வெறும் கதையா? நான் அறிந்த ஒரு விடுதியில் ஒரு மாணவரின் கைக்கடிகாரம் காணாமற் போயிற்று. முதலில் திறந்து பார்க்கப்பட்டது மெஸ்ஸில் பரிமாறும் பையனின் டிரங்குப் பெட்டி. மறுநாள் குளியலறை மாடத்தில் கடிகாரம் அகப்பட்டது. கழற்றி வைத்தவர் உடையவரேதான். பையன் ஒன்றும் பேசாமல் சோறு பரிமாறினான். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போய்விட்டான். அங்கே தடயம் என்று எதுவும் இருக்கவில்லை; அவன் ஏழை, அவன் பாஷை வேறு, அவ்வளவுதான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நல்ல துப்பறியும் நாவல் இதைப் போதிப்பதில்லை; நம்மைத் தவறாகச் சந்தேகிக்க வைத்து, கடைசி அத்தியாயத்தில் அதை நமக்கே காட்டிக்கொடுக்கிறது. அட்டவணைக்காரருக்கு அகப்படுவது குற்றவாளி மட்டுமே. ஏமாந்த வாசகனுக்குத் தன் மனமும் அகப்படுகிறது. யாருக்கும் தீங்கில்லாமல் இந்தப் பாடம் இவ்வளவு மலிவாக வேறெங்கே கிடைக்கும்?

ஆகவே, புதிதாகப் படிக்க வருவோருக்கு ஒரு யோசனை. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதீர்கள். படித்து முடித்த நண்பரை வாய் திறக்க விடாதீர்கள். இறுதி அத்தியாயத்துக்கு முன் ஒரு நிமிஷம் நிறுத்தி, யாரைச் சந்தேகிக்கிறோம், ஏன் சந்தேகிக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சியம் இருக்கிறதா, அல்லது அந்த ஆளின் முகம் பிடிக்கவில்லையா? இதற்குப் பென்சில் தேவையில்லை.

தமிழில் இதற்குப் பஞ்சமும் இல்லை. நடேச சாஸ்திரியார் 1894-இலேயே தொடங்கி வைத்துவிட்டார். பின்னர் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் என்று வரிசை நீள்கிறது. எனக்கு மிகவும் வேண்டியவர் தேவனின் சாம்புதான். ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டே, அதிர்ஷ்டத்தால் வெற்றி பெறுகிறாரே, அவர் எங்கள் கட்சிக்காரர்! அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பெட்டியில் ஒரு மர்ம நாவலுக்கு இடம் வையுங்கள். ரெயிலில் எதிர் ஆசனத்துக்காரரைச் சந்தேகிக்குமுன் அதைப் படித்து முடித்துவிடுங்கள்.