டீசலா, பெட்ரோலா... எது அண்ணாச்சி லாபம்?

தென்காசிப் பக்கம் பழைய கார் தேடிப் போனால் ஒரு உண்மை புரியும். விலைக்கு வரும் வண்டி எல்லாமே ஒரு டாக்டர் வைத்திருந்ததுதான்! "வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும் ஓடின வண்டி அண்ணாச்சி!" என்பார் புரோக்கர். அதையாவது சிரித்துவிட்டு விட்டுவிடலாம். அடுத்து ஒன்று சொல்வார் பாருங்கள்... "டீசலா எடுத்துப் போடுங்க, காசு மிச்சம்!" ஆபத்து அங்கேதான்.

மிச்சமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2012 மே மாசம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். 32 ரூபாய் வித்தியாசம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு விலக்கிக்கொண்டது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல், பெட்ரோலையே முந்திய கூத்தும் நடந்தது! 2024 மார்ச் குறைப்புக்குப் பின் சென்னையில் பெட்ரோல் சுமார் 101, டீசல் சுமார் 92. வித்தியாசம் ஒன்பது ரூபாய்கூட முழுசாக இல்லை.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர், டீசல் 20. அதே வயசு டீசல் வண்டிக்கு 75,000 ரூபாய் கூடுதல் விலை என்று வைத்துக்கொள்வோம்.

தென்காசியிலிருந்து நெல்லைக்குப் போய்வர சுமார் 110 கிலோமீட்டர். மாசம் 25 நாள். பெட்ரோலுக்கு 17,360 ரூபாய், டீசலுக்கு 12,650. மாசம் 4,700 மிச்சம். கூடுதலாகக் கொடுத்த பணம் 16 மாசத்தில் வந்துவிடும். சபாஷ்!

அதே ஆள் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போய்வந்தால் பத்தே கிலோமீட்டர். மாச மிச்சம் 430 ரூபாய். போட்ட பணம் திரும்ப 14 வருஷம் ஆகும். வாங்கின பழைய வண்டிக்கு அதற்குள் ஆர்.சி.யின் 15 வருஷமே முடிந்துவிடும் சார்! தவணை கட்டி வாங்குகிறவருக்கு 75,000 என்பது பிள்ளையின் காலேஜ் ஃபீஸ்.

பணத்தோடு போகாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு தயாரான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிய வேண்டுமானால் வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நின்று நிதானமாக, சூடாக ஓட வேண்டும். தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி அணைத்தால் அடைத்துக்கொள்ளும். டர்போ, இன்ஜெக்டர் என்று மெக்கானிக் வாய் திறந்தாலே ஆயிரங்களில்தான் பேச்சு.

மாருதியோ அந்த 2020-லேயே டீசல் கார் தயாரிப்பை விட்டுவிட்டது. ஆகவே மாருதி டீசல் என்று எது வந்தாலும் அதற்கு முந்திய வண்டிதான். டெல்லி வண்டி சல்லிசாக வருகிறதே என்று மயங்க வேண்டாம். பத்து வருஷ டீசலுக்குத் தடை என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே சொன்னதிலிருந்து தெற்கே வரும் வண்டிகள் அவை. இங்கே மறுபதிவு, சாலை வரி என்று தனிச் செலவு காத்திருக்கிறது.

எதை வாங்கினாலும் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டீசலில் கரும்புகை விடாமல் வந்தால் இன்ஜெக்டரைச் சந்தேகப்படுங்கள். மீட்டரை நம்பாதீர்கள், பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சேறு ஒட்டியிருந்தால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் குளித்த வண்டியாகவும் இருக்கலாம்! ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் துரு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். சாரல் ஊர் அல்லவா? ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், ஃபைனான்ஸ்காரரின் தடையில்லாச் சான்று கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும் பலருடைய ஆபீஸ் நெல்லையிலிருந்து வீட்டுப் பக்கமே வந்துவிட்டது. நெல்லைக்கென்று டீசல் வாங்கின மறுமாசம் உள்ளூருக்கு டிரான்ஸ்பர் வந்தால் என்ன ஆகும்? அதனால் புரோக்கரைக் கேட்பதற்கு முன்னால் மேலதிகாரியைக் கேளுங்கள், அண்ணாச்சி!