வலை பிரிக்கும் உறவு

ஆழ்கடலின் நடுநீரில் ஒதுங்குவதற்குப் பாறையும் இல்லை; பாசியும் இல்லை. அங்கு வாழும் சிறு ஓட்டுடலிகள் பலவற்றுக்கு, இழுதுபோன்ற உடலையுடைய பிற பிராணிகளே உறைவிடமும் உணவும் ஆகின்றன.

இதற்குப் புரோனிமா என்னும் பிராணி சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த இது, ஏறக்குறைய 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளமுள்ளது. கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடலை உடையது. பெண் புரோனிமா, பீப்பாய் வடிவமுள்ள சால்ப் என்னும் பிராணியைப் பற்றி, அதன் உள்ளுறுப்புக்களை அகற்றி, இரு முனையும் திறந்த கூடாக்கிக் கொள்கின்றது. தன் குஞ்சுகளை அக்கூட்டினுள் விட்டு, கூட்டைத் தள்ளிக்கொண்டே நீந்துகின்றது.

கூட்டுவாழ்வு என்றதும் இருவரும் நன்மை பெறுவதையே மாணவர் எண்ணுவர். ஈண்டோ சால்ப் மடிகின்றது. சேர்ந்து வாழ்தல் ஒன்று. அதனால் நன்மை பெறுவது எது என்பது வேறொன்று. அதனை நேரிற் கண்டே துணிதல் வேண்டும்.

இத்தகைய உறவுகளிற் பல நெடுங்காலம் அறியப்படாதிருந்தமைக்கு வலையே ஒரு காரணமாகும். வலையில் இழுதுடல் சிதைந்துபோக, ஓட்டுடலி மட்டும் தனித்துக் கிடைக்கும். 1970-களில் ஆய்வாளர்கள் கடலில் மூழ்கி, இரண்டையும் ஒருங்கே சேகரித்த பின்னரே எது எதன்மேல் வாழ்கின்றது என்பது பெரிதும் விளங்கலாயிற்று.

ஆகவே, மாதிரி சேகரிப்போர் இரண்டையும் பிரிக்காது ஒரே குப்பியில் இட்டு, கண்ட நிலையை அப்பொழுதே குறித்தல் வேண்டும். குறிப்பின்றிப் பிரித்த மாதிரியிலிருந்து அவ்வுறவை மீண்டும் அறிதல் அரிது.