சுண்டெலியின் புரதத்தை எடை போடுவது எப்படி?

கரும்பு வெட்டும் காலத்தில் எங்கள் வடக்கனந்தல் பக்கம் வந்தால், கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் டிராக்டர்களைக் காணலாம். பாரத்தோடு ஒரு முறை, வெறும் வண்டியாக ஒரு முறை எடை போட்டுக் கழித்தால் கரும்பின் எடை கிடைத்துவிடும். ஆனால் ஒரு சுண்டெலியின் ஈரலில் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்திருக்கின்றனவே! அவற்றுள் ஒன்றை மட்டும் எப்படி அளப்பது?

இதற்கு உதவுவது நிறை நிறமாலைமானி. ஈரலை அரைத்துப் புரதங்களைப் பிரித்தெடுத்து, நொதியால் சிறு துண்டுகளாக வெட்டி, மின்னூட்டம் பெற்ற சாரலாகக் கருவிக்குள் செலுத்துவார்கள். துண்டின் நிறையைக் கொண்டு அது எந்தப் புரதத்தைச் சேர்ந்தது என்று அறியலாம். பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் மின்னூட்டும் வழிகளைக் கண்ட ஜான் ஃபென், கோயிச்சி தனக்கா இருவருக்கும் 2002ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். சில துண்டுகள் எளிதில் மின்னூட்டம் பெறும், சில பெறா. ஆகவே கருவியில் உயரமாகத் தெரியும் கோடு அதிகப் புரதத்தைக் காட்டுகிறது என்று சொல்ல முடியாது. 'எது' என்று சொல்லும் கருவி 'எவ்வளவு' என்று கேட்டால் தடுமாறுகிறது.

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிலையத்தார் 2008இல் ஓர் அழகான வழியை வெளியிட்டனர். லைசின் என்னும் அமினோ அமிலத்தை உடல் தானே செய்துகொள்ளாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். (அரிசியில் அது குறைவு, பருப்பில் அதிகம். சாம்பார் சாதத்தின் பெருமை இப்போது புரிகிறதா?) லைசினில் 6 கார்பன் அணுக்கள் உண்டு. அவை அனைத்தும் கார்பன்-13 ஆக உள்ள 'கன லைசினை' எலிகளுக்கு நான்கு தலைமுறை ஊட்டினார்கள். எலிகளின் வளர்ச்சியிலோ நடத்தையிலோ மாற்றமில்லை. புரதங்கள் மட்டும் கனத்துவிட்டன.

பிறகு கன எலியின் புரதத்தையும் சாதாரண எலியின் புரதத்தையும் சம அளவில் கலந்து, லைசின் உள்ள இடத்தில் வெட்டிக் கருவிக்குள் அனுப்பினார்கள். ஒவ்வொரு துண்டும் 6 அலகு இடைவெளியில் இரட்டைக் கோடாகத் தோன்றும். இரண்டும் வேதிக் குணத்தில் ஒன்றே ஆதலால் ஒரே அளவு மின்னூட்டம் பெறும். சாதாரணக் கோடு பாதி உயரமே இருந்தால் அந்தப் புரதமும் பாதிதான்!

கிண்டலின்-3 என்ற புரதம் இல்லாத எலிகளின் இரத்தச் சிவப்பணுக்களை இப்படி ஆராய்ந்தபோது, அணுவின் சவ்வைத் தாங்கும் புரதச் சட்டமே பழுதடைந்திருப்பது தெரிந்தது. மனிதரிலும் இப்புரதம் இல்லாத பரம்பரை நோய் ஒன்று உண்டு. அக்குழந்தைகளுக்கு இரத்தக் கசிவும் அடிக்கடி தொற்றும் ஏற்படும்.

உயிர்விடும் எலிகளை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கன எலியின் திசு பல சோதனைகளுக்கு எடைக்கல்லாக உதவுகிறது. 2013இல் இதே முறையால் எலியின் 28 திசுக்களில் 7,000க்கும் மேற்பட்ட புரதங்களை அளந்து ஒப்பிட்டிருக்கிறார்கள்.