சின்னப் பெட்டியும் ஊர்த் திரையும்: குறைந்த செலவில் மண்டபத்துக்கு ஒரு படக் கணினி

மீள்குடியேறிய கிராமங்களுக்கு நாம் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "சுவாமி, எங்கட மண்டபத்துக்கு ஒரு பெரிய ரி.வி. எடுத்துத் தருவியளோ?" என்று கேட்கிறார்கள்.

கேட்பதில் பிழையில்லை. பகல் முழுவதும் தோட்டத்திலும் வயலிலும் நின்றவர்களுக்கு மாலையில் ஓர் இளைப்பாறல் வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் வேண்டும். ஆனால் அதே கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டியைத் தவணைக்கு எடுத்து, தவணை கட்ட நுண்கடன் எடுத்து, அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த குடும்பங்களையும் நாம் கண்டிருக்கிறோம். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே இக்கட்டுரையில், வீட்டுக்கொரு கடன் படாமல், ஊருக்கொரு படக் கணினியை நாமே பொருத்தி எடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

கூடியிருந்து பார்ப்பது புதிதல்ல

1975 ஓகஸ்ட் முதல் ஓராண்டு காலம் இந்தியாவில் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செய்மதி மூலம் கல்வி, விவசாய நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. கிராமத்துக்கு ஒரு பெட்டி. எல்லோரும் கூடியிருந்து பார்த்தார்கள். நமது நாட்டில் அப்போது தொலைக்காட்சியே இல்லை. அந்த ஒளிபரப்பைப் பெறும் பெரிய அலைவாங்கி ஒன்றை இந்தியப் பொறியியலாளர்கள் கொழும்பில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் பூட்டினார்கள். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்த பின்னரும், பல ஊர்களில் வாசிகசாலைப் பெட்டியே ஊருக்கெல்லாம் பெட்டியாக இருந்தது.

திருச்சபையும் இதைப் புறக்கணிக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட ஏடுகளுள் ஒன்று சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றியதே. கருவி நல்லதா கெட்டதா என்பதைவிட, அதை யார் கையாளுகிறார்கள், எதற்காகக் கையாளுகிறார்கள் என்பதே கேள்வி.

வெறும்பெட்டிக் கணினி என்றால் என்ன?

இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வந்தது. அத்திவாரம், சுவர், கூரை என்று வீட்டுக்காரரே நின்று கட்டினார். திட்டத்துக்குள் நின்று கட்டியவர் குடிபுகுந்தார். கையிருப்பைப் பாராமல் அத்திவாரத்தைப் பெரிதாக்கியவர் கடனோடு நின்றார்.

வெறும்பெட்டிக் கணினியும் அப்படித்தான். ஒரு தடித்த செபப்புத்தகம் அளவிலான சிறு பெட்டி. அதற்குள் தாய்ப்பலகையும், கணினியின் மூளையாகிய செயலியும் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கும். மின் வழங்கியும் கூடவே வரும். நினைவகம், சேமிப்பு வட்டு, இயங்குதளம் ஆகிய மூன்றையும் நாம் நமது வசதிக்கேற்ப வாங்கிப் போட வேண்டும். தாய்வானின் ஷட்டில் நிறுவனம் 2000களின் தொடக்கத்திலேயே இத்தகைய பெட்டிகளை விற்றது. பின்னர் இன்ரெல் நிறுவனம் 'நக்' என்ற உள்ளங்கையளவுப் பெட்டிகளைக் கொண்டுவந்தது. 2023இல் அது அவ்வியாபாரத்திலிருந்து விலக, ஆசுஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. இன்று சீனாவிலிருந்து வரும் பல பெயர்களிலும் இவை கிடைக்கின்றன.

வாங்க வேண்டியவை

1. பெட்டி: படம் காட்டுவதற்கு விலையுயர்ந்த செயலி தேவையில்லை. படக்கோப்புகள் சுருக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அவற்றை விரித்துக் காட்டும் தனிப் பகுதி செயலிக்குள் இருக்கிறதா என்பதே முக்கியம். அப்பகுதி இல்லாவிட்டால் செயலி மூச்சு வாங்கும், பெட்டி சூடேறும், படம் விட்டுவிட்டு ஓடும். இன்ரெல் 2023 தொடக்கத்தில் வெளியிட்ட என்100 என்ற சிறு செயலியில் அது நன்றாக அமைந்திருக்கிறது. நிறுவனம் அதற்குக் குறித்திருக்கும் மின்தேவை 6 வாற்று மட்டுமே. விசிறி இல்லாத பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. வன்னிப் புழுதி விசிறியைத்தான் முதலில் பிடிக்கும்.

2. நினைவகம்: 8 ஜிகாபைட் போதும். மடிக்கணினிக்குரிய சிறிய வகையே இதற்குப் பொருந்தும். அதிலும் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இரு தலைமுறைகள் உண்டு. ஒன்றின் வெட்டு மற்றதில் இறங்காது. நாம் ஒருமுறை பெட்டியைக் கொண்டுபோகாமல் ஞாபகத்தில் வாங்கி, இரவு பஸ்ஸில் வன்னிக்குத் திரும்பிப் பொருத்தப் பார்த்தபோது வெட்டு மாறியிருந்தது. அந்தத் துண்டுக்காக இன்னொரு பயணம் போக வேண்டியதாயிற்று. பெட்டியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே பொருத்திப் பாருங்கள்.

3. சேமிப்பு: உள்ளே 256 ஜிகாபைட் கொண்ட சுழலாத வட்டு ஒன்று. எம்.2 என்று சொல்லப்படும் இதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்ற இரு வகைகள் உள்ளதால், பெட்டியின் கையேட்டைப் பார்த்தே வாங்க வேண்டும். சாதாரணத் தெளிவுள்ள படம் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் இடம் பிடிக்கும். இயங்குதளத்துக்கு 50 ஜிகாபைட்டை ஒதுக்கினாலும் 200 மணி நேரப் படங்கள் மிச்சத்தில் அடங்கும்.

4. இணைப்பு: ஊரில் ஏற்கெனவே உள்ள தட்டைத் திரைப் பெட்டி போதும். எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் ஒரே வயரில் படமும் ஒலியும் போகும். மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் மட்டுமுள்ள பழைய பெட்டியென்றால் மின்சாரத்தில் இயங்கும் மாற்றி ஒன்று வேண்டும். வெறும் வயர் போதாது. அப்பெட்டிகளில் படம் தெரியும், சிறிய எழுத்து தெளியாது.

5. ஒலி: ஐந்து பக்கமும் ஒலிபெருக்கி வைக்கும் ஏற்பாடு கொழும்பு வீட்டு வரவேற்பறைக்கு உரியது. ஓலைக்கூரை மண்டபத்துக்குக் கோயிலின் பழைய அம்பிளிபயரும் இரண்டு பெட்டி ஒலிபெருக்கிகளும் தாராளம். பேச்சு விளங்கினால் போதும்.

6. வயரில்லாத சிறு விசைப்பலகை ஒன்று. திரைக்குப் போய்ப்போய் வர வேண்டியதில்லை.

கொழும்பில் எங்கே பார்ப்பது?

வடக்கிலிருந்து வரும் பஸ்கள் பல வெள்ளவத்தையில் வந்து நிற்கின்றன. அங்கிருந்து காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்ஸில் ஏறினால் முதலில் பம்பலப்பிட்டி, அடுத்து கொள்ளுப்பிட்டி. பம்பலப்பிட்டியில் மஜெஸ்ரிக் சிற்றிக்குப் பக்கத்தில் உள்ள யுனிற்றி பிளாசா கணினிக் கடைகளுக்கென்றே பெயர்பெற்றது. கொள்ளுப்பிட்டி லிபேட்டி பிளாசாவில் கைத்தொலைபேசியும் அதன் உதிரிகளும் பார்க்கலாம். ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். மூன்று கடைகளில் விலை எழுதி வாங்குங்கள். 2022 நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது இறக்குமதிப் பொருட்களின் விலை எப்படி ஏறியது என்பது உங்களுக்குத் தெரியும். எனவே அயலவர் சொன்ன பழைய விலையை நம்பிப் பணம் சேர்க்க வேண்டாம். தொடரிலக்கத்தோடு பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கைப்பணம் குறைவாயின் வேறொரு வழியும் உண்டு. அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், லெனோவோ, எச்.பி. நிறுவனங்களின் சிறு கணினிகள் பாவித்த பொருட் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. இவை முழுமையானவை, பொருத்த வேண்டியதில்லை. இன்ரெல் ஏழாம் தலைமுறைச் செயலி, அதாவது 2017 தொடக்கம் வந்தவை, இன்றைய படக்கோப்புகள் பெரும்பாலானவற்றைச் சிரமமின்றிக் காட்டும். மின்சாரம் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். ஓட விட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

பொருத்தும் முறை

ஊர் இளைஞர் இருவரை அருகில் வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள். அவர்களில் ஒருவர் பெண்பிள்ளையாக இருக்கட்டும்.

மின் இணைப்பைக் கழற்றுங்கள். ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னை நீக்குங்கள். அடிப்பக்கத்து நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் திறவுங்கள். நினைவகத் துண்டைச் சரிவாகச் செருகி, இரு பக்கக் கொளுவிகளும் 'டிக்' என்று பிடிக்கும்வரை கீழே அமர்த்துங்கள். வட்டையும் சரிவாகச் செருகி, படுக்கவைத்து, ஒரு திருகாணியால் இறுக்குங்கள். பலவந்தம் வேண்டாம். இறங்க மறுத்தால் திசை பிழை, அல்லது வகை பிழை.

இயங்குதளமாக லினக்ஸ் மின்ற் போதுமானது. அது இலவசம், திருட்டுப் பிரதி தேட வேண்டிய சங்கடம் இல்லை. இணைய வசதியுள்ள இடத்தில் அதன் புதிய பதிப்பை இறக்கி, 8 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் தொடக்க வட்டாக எழுதி எடுத்து வாருங்கள். அதைச் செருகிப் பெட்டியை இயக்கி, திரை காட்டும் விசையை அழுத்திப் பென்டிரைவைத் தெரிவு செய்தால், அடுத்த படிகளைத் திரையே கேட்டுக்கேட்டு நடத்தும். பின் வி.எல்.சி., கோடி என்ற இரு இலவச மென்பொருட்களைச் சேருங்கள். வி.எல்.சி. ஏறத்தாழ எல்லா வகைப் படக்கோப்பையும் திறக்கும். பிரெஞ்சு மாணவர்கள் 1990களில் தொடங்கிய முயற்சி அது. கோடி, படங்களைத் தலைப்புகளாக அடுக்கித் தூரத்திலிருந்தும் தெரியும்படி பெரிய எழுத்தில் காட்டும்.

மின்சாரக் கணக்கு

படம் ஓடும்போது இப்பெட்டி 10 முதல் 15 வாற்று எடுக்கும். 32 அங்குலத் திரை 45 வாற்று என்று வைப்போம். இரண்டும் சேர்ந்து 60. தினமும் 3 மணி நேரம் என்றால் 180 வாற்று மணி. மாதத்துக்கு ஐந்தரை அலகுக்கும் குறைவு. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நினைத்து, பற்றரிக் கணக்கையும் பாருங்கள். 12 வோல்ற்று 100 அம்பியர் மணிப் பற்றரியில் பாதியை மட்டும் பாவித்தால் 600 வாற்று மணி. இன்வேட்டரில் போகும் நட்டத்தைக் கழித்தாலும் 8 மணி நேரம் ஓட்டலாம். பற்றரியிலிருந்து பெட்டிக்கு நேரே வயர் கொடுக்க வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பற்றரி 14 வோல்ற்றைத் தாண்டும். பெட்டி தாங்காது போகலாம். இடி முழங்கினால் பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

எதைக் காட்டுவது?

பெட்டியை வாங்குவதிலும் கடினமான கேள்வி இது. 2018இல் சேனா படைப்புழு நமது சோளத்தை அழித்தபோது, புழுவை அடையாளம் காணத் தெரியாமல் கண்ட மருந்தையும் அடித்தவர்கள் பலர். அதன் தலையிலுள்ள தலைகீழ் 'வை' வடிவக் கோட்டைப் பெரிய திரையில் ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு இத்தகைய படங்களைப் பெறுங்கள். சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்து, மண்டபத்திலேயே எல்லோரும் கேட்கும்படி விளக்கம் பெறலாம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் ஏராளமாக உள்ளன. பிள்ளைகளுக்காக அவற்றையும் எடுத்து வையுங்கள். சனிக்கிழமை ஒரு நல்ல சினிமாவும் இருக்கட்டும். சிரிப்பும் மனிதனுக்கு வேண்டியதே.

இன்னுமொரு வேலைக்கும் இக்கணினி உதவும். இடம்பெயர்ந்தபோது நீங்கள் எதை எடுத்து வந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள் என்று நாம் கேட்கத் தேவையில்லை. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், ஒரேயொரு கலியாணப் படம். எஞ்சியிருக்கும் கடதாசிகளைப் பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் தெளிவாகப் படமெடுத்து, இக்கணினியில் குடும்பவாரியாக ஒழுங்குபடுத்துங்கள். இப்பிரதி உறுதியாகிவிடாது. ஆனால் உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி, பதிவேட்டுப் பக்கம் ஆகியவை கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் தேடி அத்தாட்சிப்படுத்திய பிரதி பெற வழியுண்டு. அவை இல்லாமல் எத்தனை பேர் அலைகிறார்கள்! வேலை முடிந்ததும் அவற்றைத் தனிப் பென்டிரைவ்களுக்கு மாற்றி, மண்டபக் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறூரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். படம் பார்க்க வருபவர் எல்லோருக்கும் உங்கள் உறுதி தெரிய வேண்டியதில்லை.

பொறுப்பு யாருக்கு?

திறப்பு ஒருவரிடம், கணக்குப் புத்தகம் இன்னொருவரிடம் இருக்கட்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒருவரேனும் குழுவில் இருக்க வேண்டும். பரீட்சைக் காலத்தில் இரவு எட்டு மணியோடு திரை அணைய வேண்டும். இவற்றைப் பெட்டி வருமுன்னரே கூட்டக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிடுங்கள். வந்த பின் எழுதப் போனால் சண்டைதான் மிஞ்சும். பணத்தைக் கடனாக எடுக்காமல், வீட்டுக்கு இவ்வளவென்று அறுவடைக்குப் பின் சேருங்கள். ஒரு போகத்தில் முடியாவிட்டால் இரண்டு போகம் காத்திருப்போம். வீட்டுக்காக இவ்வளவு காலம் காத்திருந்த நமக்கு, ஒரு பெட்டிக்காகச் சில மாதங்கள் காத்திருப்பது பெரிதல்ல.