பிளாட்டினம் பிரின்ட்டில் கறை, புள்ளி ஏன்? ஓரத்தைப் பார்த்தாலே தெரியும்!

பிளாட்டினமும் பல்லாடியமும் நகைக்கு மட்டுமான உலோகங்கள் அல்ல. இவற்றின் உப்பைத் தாளில் கையால் பூசி, புகைப்படம் அச்சிடலாம். இந்த முறைக்கு 1873-ல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றவர் வில்லியம் வில்லிஸ். முதல் உலகப் போர்க் காலத்தில் பிளாட்டினம் விலை எகிறவே, பல்லாடியம் மாற்றாக வந்தது. படம் தாளின் இழையிலேயே தங்குவதால் எளிதில் மங்காது. ஆனால், ஒரு தாள் கெட்டாலும் ‘காசு போச்சே’ என்று தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

எப்படி வேலை செய்கிறது?

உலோக உப்புடன் ஃபெரிக் ஆக்சலேட் என்ற இரும்பு உப்பும் சேர்த்துப் பூசப்படும். புற ஊதா ஒளி பட்ட இடத்தில் இந்த இரும்பு உப்பு மாற்றமடைந்து, டெவலப்பரில் நனைந்ததும் பிளாட்டினத்தைக் கறுப்பு உலோகமாகப் படிய வைக்கும். மிச்ச இரும்பை அமிலக் கரைசலில் கழுவி நீக்க வேண்டும்.

தப்பு எங்கே?

பூசிய தாளின் ஓரத்தில் ஒரு பட்டையைக் கறுப்பு அட்டையால் மூடிவிட்டு வெளிச்சத்தில் வையுங்கள். கழுவி முடித்ததும் அந்தப் பட்டை என்ன சொல்கிறது?

மஞ்சளாக இருந்தால், இரும்பு முழுசா போகவில்லை. சிட்ரிக் அமிலம் அல்லது ஈ.டி.டி.ஏ. கரைசலைப் புதிதாக மாற்றுங்கள். தாளில் சுண்ணாம்புச் சத்து கலந்திருந்தாலும் கறை வரும். தாளை மாற்றிப் பாருங்கள்.

சாம்பலாக இருந்தால், ஃபெரிக் ஆக்சலேட் பழசாகியிருக்கும். இல்லையென்றால் ஜன்னல், டியூப்லைட் வெளிச்சம் பட்டிருக்கும். டிரையர் சூடு அதிகமாகியிருக்கும்.

பளிச்சென வெள்ளையாக இருந்தால், கழுவியதில் குறையில்லை. நெகட்டிவ், வெளிச்ச நேரம், பூச்சு ஆகியவற்றைச் சோதியுங்கள்.

கரும்புள்ளி, அலைக்கோடு

கரும்புள்ளிக்குத் தாளில் உள்ள உலோகத் துகளோ, இரும்புப் பட்டை போட்ட பிரஷ்ஷோ காரணமாகலாம். உலோகமில்லாத பிரஷ் நல்லது. டெவலப்பரைத் தயங்கித் தயங்கி ஊற்றினால் அலைக்கோடு விழும். ஒரே வீச்சில் ஊற்றுங்கள்.

கடலோரத்தில் கூடுதல் கவனம்

கடலூர் மஞ்சக்குப்பம் போன்ற ஊரில், ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசிய தாள் சீக்கிரம் காயாது. ஈரத்தோடு நெகட்டிவ்வை வைத்தால் இரண்டிலும் கறை ஏறும். நடுவே மெல்லிய பாலியஸ்டர் தாள் வைக்கலாம். அதற்காக டிரையரால் மொறுமொறுவென உலர்த்தினாலும் படம் வெளிறும், குறுணை தட்டும். ஈரப்பத மீட்டரில் 50 சதவீதத்தை ஒட்டிய அளவு இருந்தால் நிம்மதி. டெவலப்பருக்குப் பயன்படும் பொட்டாசியம் ஆக்சலேட்டைக் கடின நீரில் கரைத்தால் வெள்ளை வண்டல் படியும். போர்வெல் தண்ணீரைத் தவிர்த்து, டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்துங்கள்.

மறக்கக் கூடாதது

ஆக்சலேட் உப்புகள் விஷம். பிளாட்டினம் உப்பு ஆஸ்துமாவைத் தூண்டும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஒரு முறைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, தாளின் பின்புறம் பென்சிலால் குறித்து வையுங்கள். நாலையும் ஒரே நாளில் மாற்றினால், எது சரிசெய்தது என்று தெரியாமலே அடுத்த தாளும் வீணாகும்.