ஏரிச் சுற்றுக்கு அடக்கவிலை

கொடைக்கானல் ஏரியின் பரப்பு சுமார் 24 ஹெக்டேர், அதாவது 60 ஏக்கர். இதே பரப்பில் வட்டமாக ஓர் ஏரி இருந்தால் அதன் கரை 1.74 கி.மீ.தான் வரும். சும்மா நடந்தாலே 20, 25 நிமிடத்தில் சுற்றிவிடலாம். ஆனால் 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் இங்கே ஓடைக்கு அணை போட்டபோது, தண்ணீர் கிடைத்த பள்ளத்திலெல்லாம் ஏறி நின்று நட்சத்திர வடிவமாகிவிட்டது. இன்று கரையைச் சுற்றிப் போகும் சாலை ஏறக்குறைய 5 கி.மீ. வட்ட ஏரிக்குக் கிடைத்திருக்கக்கூடியதைப்போல 2.9 மடங்கு. காலையில் ஓடுகிறவருக்கு லெவிஞ்ச் வைத்துவிட்டுப் போன உபரி 3 கி.மீ.க்கு மேல்.

இந்த 5ஐ 4.4 என்று சொல்லும் கணக்கும் உண்டு. நீரோரமாக அளப்பதா, சாலையில் அளப்பதா என்பதில் வரும் வேறுபாடாக இருக்கலாம். வேறுபாடு சிறிதல்ல. 35 நிமிடத்தில் சுற்றி வந்தவர் 5 என்று வைத்தால் கி.மீ.க்கு 7 நிமிடம், 4.4 என்று வைத்தால் 7 நிமிடம் 57 நொடி. நண்பர்களிடம் சொல்லும்போது எல்லாரும் 5ஐத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் 5 என்றே போடுகிறேன், காரணம் வேறு: செலவுக் கணக்கில் தொகையைக் கூட்டி வைப்பது பத்திரம்.

ஊரின் நாயுடுபுரம் பகுதியில் குடியிருப்பவருக்கு உண்மையான செலவு ஏரியில் இல்லை, ஏரிக்குப் போய்த் திரும்பும் வழியில் இருக்கிறது. வீடு எந்தத் தெரு என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். ஒரு வழிக்கு 2 கி.மீ. என்று வைப்போம். அப்போது 5 கி.மீ. ஓட்டம் என்பது 9 கி.மீ. காலைப்பொழுது. ஏரிச்சாலை பெரும்பாலும் சமதளம். மற்ற 4 கி.மீ. மலை ஊர்ச் சாலை, ஏறும், இறங்கும். 60 கிலோ எடையுள்ளவர் 100 மீட்டர் உயரம் ஏற இயற்பியல் கணக்குப்படி 14 கிலோ கலோரி வேலை செய்கிறார். தசைகள் உண்பதில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றுகின்றன. ஆகவே உடல் எரிப்பது 56. சமதளத்தில் 1 கி.மீ. ஓட அவருக்குச் சுமார் 60 ஆகும். ஆக, 100 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட இன்னொரு கிலோமீட்டர். போனில் தூரம் காட்டும் செயலி இதைத் தனி வரியில் காட்டினாலும் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை.

அடுத்து காற்று. சுமார் 2,130 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 77 சதவீதம். சென்னையில் 10 மூச்சில் வரும் ஆக்ஸிஜனுக்கு இங்கே 13 மூச்சு. இதன் விலையை உலகம் ஒருமுறை பொதுவெளியில் பார்த்திருக்கிறது. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியின் உயரம் 2,240 மீட்டர், நம் ஊரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். 10,000 மீட்டர் ஓட்டத்தில் கென்யாவின் நஃப்தாலி தெமு 29 நிமிடம் 27.4 நொடியில் தங்கம் வாங்கினார். அப்போதைய உலக சாதனை, ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் 1965இல் ஓடிய 27 நிமிடம் 39.4 நொடி. வித்தியாசம் 108 நொடி, 6.5 சதவீதம். அந்தக் கிளார்க் மெக்சிகோவில் ஆறாவதாக வந்து தடத்திலேயே சுருண்டு விழுந்தார். அதே 6.5 சதவீதத்தைச் சமவெளியில் 35 நிமிடத்தில் 5 கி.மீ. ஓடுகிறவருக்குப் போட்டால் இங்கே 37 நிமிடம் 16 நொடி. முந்தின நாள் மாலை பஸ்ஸில் ஏறி வந்தவர் 40 என்று எழுதிவைத்துக்கொள்வது நல்லது. மலையிலேயே குடியிருப்பவருக்கு இந்தத் தள்ளுபடி அவ்வளவு தேவைப்படாது.

ஆகவே என் யோசனை: ஏரிவரை நடை, ஏரியில் ஓட்டம், திரும்பவும் நடை. நடைக்கு 24 + 24, ஓட்டத்துக்கு 40, மொத்தம் 88 நிமிடம். எரிசக்தி, ஓட்டத்துக்கு 300, நடைக்கு அதில் பாதி வீதத்தில் 120, ஏற்றம் 50 மீட்டர் என்றால் 28. கூட்டினால் 448 கிலோ கலோரி. ஓர் இட்லிக்கு 55 என்று கொண்டால் எட்டு இட்லி. சட்னி கணக்கில் வரவில்லை. வந்தால் இரண்டு இட்லி குறையும்.

பணம்? ஓடுவது இலவசம் என்பார்கள். 4,000 ரூபாய் ஷூ 600 கி.மீ. உழைத்தால் ஒரு காலைக்குத் தேய்மானம் 60 ரூபாய். வாரம் 3 நாள், வடகிழக்குப் பருவமழையையும் சோம்பலையும் கழித்து வருடம் 40 வாரம் என்றால் 1,080 கி.மீ.; 1.8 ஜோடி, 7,200 ரூபாய். ஏரிக்கரை டீ தனி. தண்ணீரை வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோக வேண்டும்: 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே 2024இல் 20 ரூபாய் பசுமை வரி அறிவித்தார்கள். வாரம் மூன்று பாட்டில் என்றால் 40 வாரத்தில் வரி மட்டும் 2,400, ஷூ கணக்கில் மூன்றில் ஒரு பங்கு.

நேரத்தை முடிவு செய்வது சூரியனும் வண்டிகளும். ஜூனில் சூரியோதயம் 6 மணியை ஒட்டி, ஜனவரிக் கடைசியில் 6.40ஐ ஒட்டி, மலை மறைப்பதால் வெயில் முகத்தில் படுவது இன்னும் தாமதம். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் சுமார் 14 டிகிரி குளிர் கூடுதல் என்பதால் முதல் 2 கி.மீ.க்கு ஸ்வெட்டர், பிறகு அது இடுப்பில். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 என்று மலைக்கு வர வெளியூர் வண்டிகள் எடுக்கும் இ-பாஸுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. உள்ளூர் வண்டிகளும் அரசுப் பேருந்துகளும் இதில் சேரவில்லை. ஒரு காருக்கு 4.5 மீட்டர் என்று 6,000 கார்களை இடைவெளியின்றி நிறுத்தினால் 27 கி.மீ. ஏரியை ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அதில் சிறு பகுதி ஏரிச்சாலைக்கு வந்தாலும் ஓட இடமில்லை. வாடகை சைக்கிள், குதிரைச் சவாரி வேறு. தார்ச்சாலையில் பனி ஈரத்தோடு கிடக்கும் குதிரைச் சாணத்தில் கால் வைத்தால் 4,000 ரூபாய் அடிப்பாகமும் பிடி கொடுக்காது. ஆகவே சீசனில் 6 மணிக்குக் கிளம்பி 7.30க்குள் வீடு திரும்பும் கணக்கே எடுபடும்.

கடைசி வரி காட்டுமாட்டுக்கு. ஊருக்குள், தெருவிளக்கு வெளிச்சத்திலேயே மேயும். வளர்ந்த காளை ஒரு டன்னை எட்டக்கூடியது, 60 கிலோ ஆளுக்குப் பதினாறு மடங்குக்கு மேல். மூடுபனியில் அதன் மூச்சுச் சத்தம்தான் முதலில் கேட்கும் என்பதால் காதில் ஹெட்ஃபோன் வேண்டாம். சாலையில் நின்றால் அது நகரும்வரை தள்ளி நிற்க வேண்டியதுதான். அதற்கு 15 நிமிடம் ஒதுக்கினால் 88 நிமிடம் 103 ஆகிறது. அலுவலகம் போகிறவர் 5.45க்கே கிளம்ப வேண்டும்.