பூச்சியத்தால் வகுத்தால் நிரல் ஏன் நிற்கிறது?

12-ஐ 3-ஆல் வகுப்பது என்றால், 12-இலிருந்து 3-ஐ நான்கு முறை கழிப்பது. 12-ஐ 0-ஆல் வகுத்தால்? எத்தனை முறை 0-ஐக் கழித்தாலும் 12 குறையாது. ஈவு என்று ஓர் எண் கிடைக்காது. இதைக் கரும்பலகையில் கழித்துக் காட்டிய பின், பைத்தானில் 12/0 எனத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். 'ஜீரோ டிவிஷன் எரர்' என்று காட்டி நிரல் நின்றுவிடும்.

1997-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் யார்க்டவுனில் தரவுப் புலம் ஒன்றில் 0 உள்ளிடப்பட்டது. மென்பொருள் அந்த 0-ஆல் வகுக்க முயன்றதால் கணினிகள் செயலிழந்தன. கப்பலின் உந்துவிசையும் நின்றது.

எனவே வகுக்கும் முன், வகுத்தி 0-ஆ என்று 'இஃப்' கூற்றால் சோதிக்க வேண்டும். இங்கே மாணவர்கள் ஒரு தவறு செய்வர்: வகுத்தி 0 என்றால் விடையையும் 0 என்று வைத்துவிடுவர். தேர்வை எவருமே எழுதாத வகுப்புக்குச் சராசரியே கிடையாது. 0 என்று அச்சிட்டால், எல்லோரும் பூச்சியம் வாங்கியதாக அல்லவா பொருள்படும்? "எவரும் தேர்வு எழுதவில்லை" என்று அச்சிடுவதே சரி.

சராசரி காணும் பயிற்சியில், தேர்வு எழுதியோர் எண்ணிக்கை 0 ஆக உள்ள பட்டியல் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். இந்த வேறுபாட்டை மாணவர்களே கண்டறிவார்கள்.